புஷ்பம் அக்காவுக்கு நான் சொல்லாத சாட்சி

சென்ற மாதம் 14ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை 6.40. ஷிஃப்ட் மாறும் நேரம். டெஸ்டிங் லேப் புஷ்பம் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில்லுக்கு வரும் பஸ்ஸில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டதாக டைம் ஆபீஸில் சொன்னார்கள். மறுநாள் அவருடைய ஊரான சுந்தரபாண்டியத்தின் கல்லறைத் தோட்டத்தில் நின்றவர்களை எண்ணினேன். இருபத்து மூன்று பேர். நம் வாசகர் வட்டத்திலிருந்து, என்னையும் சேர்த்து, இரண்டு பேர். வட்டத்தில் மொத்தம் அறுபத்தெட்டு பேர். மற்ற அறுபத்தாறு பேருக்கும் வேலை இருந்திருக்கிறது. வந்த இன்னொருவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவரையும் வட்டத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கிவிடுவீர்கள்.

இப்போது அழைப்பிதழ் வந்திருக்கிறது. வருகிற ஞாயிறு, ஸ்ரீவில்லிபுத்தூரில், 'எங்கள் அன்புச் சகோதரி' புஷ்பத்தின் படத்திறப்பும் நினைவு மலர் வெளியீடும். படத்தைத் திறந்து வைப்பவர் அய்யா. சமத்துவம் பேசியே ஊர் ஊராகப் பெயர் வாங்கிய சொற்பொழிவாளர். அவர் பெயரை நீங்கள் யாரும் சொல்வதில்லை. 'அய்யா' என்றால் போதும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அலங்காரமாக எழுத வராது. மில்லில் எலக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அக்காவின் வேலை நூலைச் சோதிப்பது. ஒவ்வொரு மிஷினிலிருந்தும் நூல் எடுத்து, அளந்து சுற்றி, எடை போட்டு, சரியில்லையென்றால் மிஷினை நிறுத்தச் சொல்லிச் சீட்டு எழுதுவார். ஒன்பதாம் நம்பர் மிஷின் எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டரின் செல்லப்பிள்ளை. வெளியாட்கள் வந்தால் அதைத்தான் காட்டுவார். ஒருநாள் அக்கா அதற்கும் சீட்டு எழுதிவிட்டார். மாஸ்டர் லேபுக்கே வந்து குதித்தார்.

"ஏம்மா, மில்லுலயே நல்ல மிஷின் அது. அதைப் போயி சோதிச்சிக்கிட்டு இருக்கியே, உனக்கு வேற சோலி இல்லையா?"

"நல்ல மிஷினத்தான் சார் அடிக்கடி சோதிக்கணும். மோசமான மிஷின எல்லாரும் பாத்துக்கிட்டேதான இருக்காக."

மறுபடி எடை போட்டார்கள். நூல் மெலிந்துதான் இருந்தது. மாஸ்டர் அதற்குப் பிறகு ஆறு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சரியாச் சொன்னதுக்குத் தண்டனைன்னா, அந்த அளவு சரின்னு அர்த்தம்" என்று அக்கா சிரித்தார்.

அவர் மற்றவர்களை மட்டும் சோதித்தார் என்று நினைக்காதீர்கள். லேபில் ஒரு கத்தரிக்கோல் காணாமல் போனது. "இந்த ஒடிசாக்காரனுக சோலிதான், வேற யாரு?" என்று அவரே சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். நான்கு நாள் கழித்து அது அவருடைய சாப்பாட்டுப் பைக்குள்ளேயே கிடந்தது. நாங்களாக இருந்தால் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். அக்கா மத்தியானம் ஒடிசாத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த முப்பது பேருக்கு முன்னால் நின்று தமிழில் மன்னிப்புக் கேட்டார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் எடுத்துச் சொல்ல, அங்கே ஒரே சிரிப்பு.

"என்னப்பா சொல்லுதாக?"

"அக்கா, கத்தரிக்கோல் காணாமப் போனதே எங்களுக்குத் தெரியாதுங்காங்க. சாப்பிட்டியான்னு கேக்காங்க."

அக்கா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். "அவனுகளத் திருடன்னு சொல்லும்போது எனக்கு நாக்கு கொஞ்சங்கூடத் தயங்கல தம்பி. அதான் பயமா இருக்கு" என்றார்.

இனி காப்பிக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் மறந்துவிட்டதாக நடிக்கிற விஷயம்.

போன வருடம் ஆண்டு விழாவுக்கு அழைக்க நானும் அக்காவும் அய்யா வீட்டுக்குப் போனோம். அய்யா ஒரு மணி நேரம் பேசினார். மனிதரை மனிதர் தாழ்த்தும் கொடுமையைச் சொல்லும்போது கண் கலங்கினார். காப்பி வந்தது. எனக்குச் சில்வர் டம்ளரில். அக்காவுக்குப் பேப்பர் கப்பில். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்.

"உன் கையில என்ன இருந்துச்சு, என் கையில என்ன இருந்துச்சு, கவனிச்சியா?"

"ஒரு டம்ளர்தான் கழுவி இருந்திருக்கும்க்கா."

"இருக்கும். ஒரு அளவை வச்சு முடிவு சொல்லக்கூடாது."

அதனால் அடுத்த வாரம் அழைப்பிதழைக் காட்ட வட்டத்தின் செயலாளர் தாமோதரன் அண்ணனோடு போனார். அண்ணனுக்கு டம்ளர், அக்காவுக்குக் கப். மூன்றாவது தடவை மறுபடி என்னை அழைத்துப் போனார். இந்த முறை நான் கவனிக்கவென்றே போனேன். எனக்கு டம்ளர். அவருக்குக் கப். அன்றைக்கும் அய்யா சமத்துவம்தான் பேசினார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அடுப்படியில் தண்ணீர் குடிக்கப் போனேன். மேல் அலமாரியில் ஒரு பொட்டலம் பேப்பர் கப்.

"இது யாருக்கும்மா?"

"வீட்டுக்கு வாரவுகளுக்குத்தான்."

"சித்தப்பா வந்தா?"

"அவுகளுக்கு எதுக்குலே அது? டம்ளர் இருக்குல்ல. அன்னைக்கு உங்க மில்லு பொம்பள ஒண்ணு வந்துச்சே, சுந்தரபாண்டியத்துக்காரி. அதுக்குக் குடுத்தேன். காப்பி நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போச்சு."

அக்கா என் வீட்டிலும் அதே கப்பில் குடித்திருக்கிறார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. அம்மா கெட்டவள் இல்லை. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லையென்றாலும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறவள். அந்தப் பொட்டலம் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. சென்சாரில் அரை வோல்ட் கூடினால் கண்டுபிடிக்கிறவன் நான்.

விழா நடந்தது. அய்யா பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். அக்கா எழுந்தார்.

"அய்யா, உங்க வீட்டுக்கு மூணு தடவை வந்தேன். கூட வந்தவுகளுக்கு டம்ளர்ல காப்பி. எனக்கு மூணு தடவையும் பேப்பர் கப்பு. ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அய்யா சிரித்தார். "தங்கச்சி, என் வீட்டில் உனக்கு எதில் காப்பி கொடுத்தார்கள் என்று பார்க்காதே. என் மனதில் உனக்கு எந்த இடம் என்று பார்."

கைதட்டினீர்கள். இடியாய்த் தட்டினீர்கள்.

"மனசப் பாக்க எங்கிட்ட மிஷின் இல்லங்கய்யா. கப்பத்தான் பாக்க முடியும்" என்றார் அக்கா. "கூட வந்த தம்பி இங்கதான் இருக்கு. கேட்டுப் பாருங்க."

மைக் என்னிடம் வந்தது. தாமோதரன் அண்ணன் மேடையில் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அய்யா வீட்டு அடுப்படியைச் சொன்னால் என் வீட்டு அடுப்படியையும் சொல்ல வேண்டும். "நான் சரியா கவனிக்கல" என்றேன். மறுபடி கைதட்டினீர்கள்.

அன்று மாலையே அவரைக் குரூப்பிலிருந்து தூக்கினீர்கள். 'சின்ன புத்தி', 'பெரிய மனிதரைச் சிறுமைப்படுத்தி விளம்பரம் தேடுகிறவர்' என்று எழுதினீர்கள். எழுதியவர்கள் பெயர் எல்லாம் என் போனில் இருக்கிறது. அதற்குப் பிறகு உயிரோடிருந்த பதினொரு மாதமும் அவரிடம் யார் பேசினீர்கள்?

நான் மறுநாள் லேபுக்குப் போய் நின்றேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா."

"கவனிக்கலன்னு சொன்னியே, அந்த அளவுதான் தப்பு. பயந்துட்டேன்னு சொல்லியிருந்தா சரியான அளவு. போ, பதினாலாம் நம்பர்ல சென்சார் ஓடலன்னு சொன்னாக. போயிப் பாரு."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அழைப்பிதழைப் பார்த்ததும் தாமோதரன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அவியள குரூப்புல இருந்து தூக்கினது யாரு?"

"ஏலே, செத்தவுகளுக்கு மரியாத செய்யுதோம். இதுல போயி பழசக் கிண்டுதியே."

"அவிய கேட்டதுக்கு அய்யா பதில் சொன்னாரா?"

"எம்புட்டுப் பெரிய மனுசர்லே அவரு! அவரப் போயி ஒரு காப்பி டம்ளர்ல அளப்பியா?"

"வேற எதுலண்ணே அளக்க? மேடையில நின்னா நானுங்கூட நல்லவன்தான்."

போனை வைத்துவிட்டார். அய்யாவின் இரங்கல் செய்தியும் வந்திருக்கிறது. 'மகளை இழந்தேன்' என்கிறார். மகளுக்கு எந்த வீட்டில் பேப்பர் கப்பில் காப்பி கொடுக்கிறார்கள்? கேள்வி கேட்டவர் இனி வாய் திறக்க மாட்டார் என்றதும் மகளாகிவிட்டார். மாலை போட்ட படம் எதிர்க்கேள்வி கேட்காது. உங்களுக்கு வசதியான புஷ்பம் அதுதான்.

மன்னிப்பதும் மறப்பதும் உங்கள் பேச்சாளர்களின் தலைப்பு. எனக்கு ஆத்திரம் தீரவில்லை. தீர வேண்டாம் என்றுதான் இருக்கிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பொறுமையை அல்ல. அது எனக்கு வராது. ஒரு தடவை பார்த்ததை நம்பாமல் மூன்று தடவை போய்ப் பார்த்த அந்தப் பிடிவாதத்தை வைத்துக்கொள்கிறேன். அய்யா வீட்டுக் கப்பைப் பற்றி அவர் தொடங்கிய சோதனை பாதியில் நிற்கிறது. சாட்சி சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை. இனி நான் செய்யப்போவது:

1. நினைவு மலரில் இதைப் போட மாட்டீர்கள். அறுபத்தெட்டுப் பிரதி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் நின்று நானே கொடுப்பேன்.

2. என் வீட்டுக்கு யார் வந்தாலும் இனிமேல் காப்பி போடுவது நான். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர். சித்தப்பா முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எதிரே உட்கார்ந்து பார்ப்பேன்.

3. அய்யா படத்தின் திரையில் கை வைக்கும்முன் எழுந்து நின்று, "நான் ரெண்டு தடவை பார்த்தேன். அக்கா சொன்னது நிஜம். நான் பயந்து பொய் சொன்னேன்" என்பேன். மைக் தராவிட்டாலும் பரவாயில்லை. மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

4. நடுவில் ஒரு தடவை கூடப் போனவர் தாமோதரன் அண்ணன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவர் எழுந்து பதில் சொல்லும்வரை உட்கார மாட்டேன்.

5. அன்றைக்குக் கைதட்டிய ஒவ்வொருவர் வீட்டுக்கும், சொல்லாமல் கொள்ளாமல், காப்பி குடிக்க வருவேன். தனியாக வர மாட்டேன். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒருவர் கூட வருவார்.