கார்டுக்காக ஒரு வேலை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமைக் காலையில், அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையோரம் நடந்தது இது. அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். உலோகங்களுக்கு முலாம் பூசும் ஆலை ஒன்றில் நெடுங்காலம் ஆய்வகப் பொறுப்பாளராக இருந்தவள். பதவிதான் பெரிது, சம்பளம், குறைந்த ஊதியத் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டின் வரம்பைத் தாண்டியதே இல்லை. அதை நான் வெளியில் சொன்னதும் இல்லை. ஆவடி சேக்காட்டில் நாங்கள் சேர்ந்த திருச்சபையில் மகளிர் சங்கச் செயலராகவும் இருந்ததால், பெரியவர்கள்கூட என்னை 'மேடம்' என்றே அழைப்பார்கள். அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொள்வதில் நான் கவனமாகவே இருந்தேன்.

அந்த ஆண்டு கோடையில் எங்கள் ஆலையை மூடினார்கள். உள்ளே நடந்த தொழிலைவிட அது நின்ற நிலத்துக்கு மதிப்புக் கூடிவிட்டிருந்தது. எனக்கு வேலை போனது ஒரு பங்கு வருத்தம் என்றால், மற்றொன்று பல பங்கு. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. என் இ.எஸ்.ஐ. கார்டில்தான் எல்லாம் நடந்தது. வேலை போன பிறகும் அந்தக் கார்டு சில மாதங்களுக்குச் செல்லும், பிறகு செல்லாது. தனியார் மருத்துவமனைக் கட்டணம் எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. அரசுப் பொது மருத்துவமனையில் விசாரித்தோம். பெயரை எழுதிக்கொண்டார்கள். இடம் காலியானால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அங்கே இடம் எப்படிக் காலியாகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

என் வயதுக்கு ஆய்வக வேலை எங்கும் கிடைக்கவில்லை. ஓர் ஆலையின் அலுவலர் மட்டும், "லேப்ல இடமில்லை மேடம். பூந்தமல்லி பக்கம் ஒரு மருந்து கம்பெனில பேக்கிங்குக்கு ஒரு கான்ட்ராக்டர் ஆள் எடுக்கிறார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரெண்டும் பிடிக்கிறார். அவர் வேன் காலைல அம்பத்தூர் எஸ்டேட் ஸ்டாப்புல நிக்கும். வேணும்னா பாருங்க" என்றார். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் போட்டு அடுக்கும் வேலைக்கு என்னையா என்று முகம் சிவக்க வெளியே வந்தேன்.

அந்த நேரத்தில்தான் பாடியில் சிறிய முலாம் பட்டறை வைத்திருந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். தொழில்முறையில் என்னை நன்கு அறிந்தவர். மேலாளர் பதவி, தனி அறை, முன்பைவிடக் கூடுதல் சம்பளம். இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல மேடம். கணக்குல ஆளைக் குறைச்சுக் காட்டித்தான் யூனிட்டை ஓட்டிக்கிட்டிருக்கேன். உங்களைப் பதிஞ்சா எல்லாரையும் பதியணும். என்னால தாங்க முடியாது. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. மத்தபடி உங்க மரியாதைக்கு ஒரு குறையும் வராது."

திங்கட்கிழமை பத்து மணிக்கு முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு ஆராதனையில் நான் சற்றும் எதிர்பாராதது நடந்தது. வீட்டில் நல்ல காரியம் நடந்தால் காணிக்கை உறையின் மேல் அதை எழுதிக் கொடுப்பதும், போதகர் அதைச் சபையார் முன் வாசிப்பதும் எங்கள் வழக்கம். பிறந்த நாள், திருமண நாள் என்று வாசித்துக்கொண்டே வந்த போதகர், "மேலாளராகப் புதிய பொறுப்பேற்கும் நம் சகோதரிக்காக அவரது கணவர் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். வெளியே வந்ததும் எத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் தலையசைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"வேணும்னுதான் செஞ்சேன்" என்றார். மூச்சு வாங்கியதால் நின்று நின்று பேசினார். "சபையில வாசிச்சதுக்கு அப்புறம் நீ பின்வாங்க மாட்டே. முப்பது வருஷமா உன்னோட குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா? எனக்காக நீ போய் யார் கீழயோ அட்டை அடுக்கக் கூடாது."

"உங்க டயாலிசிஸ்?"

"பெரியாஸ்பத்திரில பேர் குடுத்திருக்கோம்ல. கூப்பிடுவாங்க."

"கூப்பிடற வரைக்கும்?"

அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் விடிந்தபோது எந்தப் பக்கம் போவேன் என்பது எனக்கே தெரியவில்லை. அதனால் கஞ்சி போட்ட பருத்திப் புடவையையே உடுத்திக்கொண்டு கிளம்பினேன். பாடிக்குப் போகும் பேருந்தில்தான் ஏறினேன். ஆனால் தொழிற்பேட்டை நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். ஒப்பந்தக்காரரின் வேன் சாலையோரம் நின்றிருந்தது. நீலக் கோட்டு அணிந்த பெண்கள் ஒரு தகரக் கூரையின் கீழ் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் எனக்கு மகளாகும் வயதுதான் இருக்கும். சாப்பாட்டுக் கூடையோடு முன்னால் நின்ற ஒருத்தி என்னைப் பார்த்து, "இன்னாம்மா, பஸ்ஸுக்கா? ஸ்டாப்பு அந்தாண்ட கீது" என்றாள்.

"இல்லை. பேக்கிங் வேலைக்கு வந்திருக்கிறேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்துவிட்டாள். "ஐயே, இந்தப் பொடவைய கட்டிக்கினு லைனுக்கா? கம்பெனி மேடம்னு நெனச்சு கும்புடு போட்டுட்டேன்டி!"

கூரையே சிரித்தது. திரும்பிப் போய்விட எனக்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது. முன்னால் நின்றவள் மட்டும் சிரிக்காமல், "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று கேட்டாள். வீட்டு விஷயத்தை மூன்றாம் மனிதரிடம் நான் பேசியதே கிடையாது. ஆயினும் வாய் தானாகச் சொல்லிற்று:

"வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். கார்டு வேணும்."

சிரிப்பு நின்றுவிட்டது.

மேற்பார்வையாளர் கைப்பேசியைப் பார்த்தபடி வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாப்பதுக்கு மேல எடுக்கறதில்ல மேடம். சரி, யார் சொல்லி வந்தீங்க?"

அங்கே அதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உள்ளே இருக்கும் ஒருவர் பொறுப்பேற்காமல் புதியவருக்கு இடமில்லை. சேர்ந்தவர் பாதியில் நின்றாலோ தவறு செய்தாலோ, பொறுப்பேற்றவரின் வேலையும் சேர்ந்து போகும். உள்ளே எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"அண்ணாத்தே, அவங்க எங்க பெரிம்மா" என்றாள் கூடைக்காரி. "எங்க ஊட்டு ஆளு. நான் பொறுப்பு."

"நேத்து வரைக்கும் உனக்குப் பெரிம்மா கெடையாதே?"

"ஊர்ல இருந்தாங்க. இப்பதான் வந்துகீறாங்க."

"பாதில நின்னாங்கன்னு வெச்சுக்கோ, உன்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அனுப்பு. அதான் சொல்லிட்டேனே. மழ வருது, கதவத் தொற."

பொய் என்று தெரிந்தும் நான் மறுக்கவில்லை. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாடிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். வேலைக்கு வரவில்லை என்றதும் பட்டறைக்காரர், "சார் உடம்பைப் பாத்துக்குங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

நின்றே செய்யும் வேலை அது. முதல் மாதங்களில் கால்கள் வீங்கின. நாளை முதல் வரமாட்டேன் என்று உறுதி செய்துகொண்ட மாலைகள் உண்டு. நான் நின்றுவிட்டால் அவளுடைய அடுப்பும் அணையும் என்ற நினைவுதான் மறுநாள் என்னை எழுப்பிற்று. கணவர் சில நாட்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மாலை நான் வீடு திரும்பியபோது, என் நீலக் கோட்டைத் தம் கையால் துவைத்து, தெருவில் போவோர் வருவோர் எல்லோருக்கும் தெரியும்படி வாசல் கொடியில் உலர்த்தியிருந்தார். அதற்குப் பிறகு சபையில் யார் கேட்டாலும், நான் மேலாளர் அல்ல, ஒப்பந்தத் தொழிலாளி என்று தெளிவாகச் சொன்னேன். சிலர் பேச்சை மாற்றினார்கள். மாற்றாதவர்களும் இருந்தார்கள்.

பழைய கார்டின் காலம் முடிவதற்குள் புதிய வேலையின் இ.எஸ்.ஐ. உரிமை வந்து சேர்ந்துகொண்டது. அவருக்கு ஒரு முறைகூட சிகிச்சை தவறவில்லை. இன்றும் அவர் போய் வருகிறார். நானும் வேனில் போய் வருகிறேன்.

சென்ற மாதம் மதிய உணவின்போது அந்தக் கூடைக்காரியிடம் கேட்டேன், முன்பின் தெரியாத எனக்காக அன்று எப்படித் துணிந்தாள் என்று. ஊறுகாயை என் தட்டில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "யோசிச்சிக்கினு இருந்தா வேன் கெளம்பி பூட்டிருக்கும், பெரிம்மா."

எத்தனையோ நாள் சீர்தூக்கிப் பார்த்தும் நான் எடுக்க முடியாமல் நின்ற முடிவுக்கு, இழப்பதற்கு அந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒருத்தி அந்த வேலையையே பிணையாக வைத்தாள். என் கணவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு மாலையும் அந்தப் பிணையில் கிடைத்ததென்றே எண்ணிக் கதவைத் திறக்கிறேன்.