பாம்புக்காது அக்காவின் அரை நிமிடம்

வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருப்பவளுக்குப் பாம்புக்காது என்று பெயர் வைத்தது அக்கம்பக்கம்தான். மூன்றாம் வீட்டில் குழாய் சொட்டினால் இவள்தான் போய்ச் சொல்வாள். பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துகொடுக்கிற வேலை. பதினோரு வருடமாக அதுதான் சோறு போடுகிறது. பகலெல்லாம் பட்டறை அலறும். அவர்கள் ஷட்டரை இறக்கிய பிறகு, ஆறிலிருந்து ஒன்பதுவரைதான் இவள் வாயைத் திறக்க முடியும்.

வாசிக்கத் தொடங்குமுன் அரை நிமிடம் சும்மா இருக்கும் அறையைப் பதிவு செய்வாள். பிறகு, பிழையாக வாசித்த இடங்களை வெட்டினால் ஒட்டுப்போட அந்தச் சும்மா வேண்டும். “அறை” என்று ஒரு சொல் சொல்லிச் சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மகள் சிலையாகிவிடுவாள். வீட்டில் இருப்பதே ஒரு அறை, வேறு எங்கே போவாள்?

இந்த வருடம் மகள் கணினி விளையாட்டு உருவாக்கும் படிப்பில் சேர்ந்தாள். கேமிங் லேப்டாப் இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது. நேரம் பார்த்து அம்மாவின் ரெக்கார்டரும் கழுத்தறுத்தது. பேட்டரி மூடியை ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருந்தது போதாதென்று, பதிவு பாதியில் தானாகவே நின்றது. சேமிப்பு ஒன்று, வாங்க வேண்டியது இரண்டு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

அப்போதுதான் மகள் விடுதி விண்ணப்பத்தோடு வந்து நின்றாள்.

“ஹாஸ்டல்ல கம்ப்யூட்டர் ரூம் இருக்கும்மா. எனக்கு லேப்டாப்பே வேண்டாம். நீ நல்ல ரெக்கார்டரா வாங்கிக்கோ. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு.”

“ஏன்டி, இங்க உனக்கு என்ன குறை?”

“ஒண்ணுமில்லம்மா.”

அந்த ‘ஒண்ணுமில்ல’ அவளுக்குச் சுருக்கென்றது. பெற்றவளோடு இருக்கப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்தாள். நல்ல லேப்டாப்பாக வாங்கிக் கொடுத்தால் இருப்பாளோ என்ற நப்பாசையில், சனிக்கிழமை தனியாகக் கடைக்குப் போனாள்.

கடைக்காரப் பையன் கிராபிக்ஸ் கார்டு, ரேம் என்று அடுக்கினான். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

“இது எவ்வளவு சத்தம் போடும் தம்பி?”

“கேம் விளையாடுறதே சத்தத்துக்குத்தானே அக்கா!”

“அது இல்லப்பா. உள்ள இருக்கிற ஃபேன்.”

அவன் காட்டிய மூன்று லேப்டாப்பிலும் பெரிய விளையாட்டாக ஓடவிடச் சொல்லி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரப்பர் பேண்ட் ரெக்கார்டரை வைத்து இரண்டு இரண்டு நிமிடம் பதிவு செய்தாள். டிவி வாங்க வந்தவர்கள்கூட வேடிக்கை பார்த்தார்கள். சத்தமில்லாதது சேமிப்பை மொத்தமாக விழுங்கும். விரலுக்கேற்ற வீக்கமாக இருந்தது ஒன்றே ஒன்று. அது மாவு மிஷின் மாதிரி இரைந்தது.

ஞாயிறு பிற்பகல், பட்டறைக்கு விடுமுறை. மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். இந்த இரைச்சலைத் தன் அறை எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட, பழைய அரை நிமிடங்களைத் தேடி எடுத்து, ஹெட்போனில் சத்தத்தை முழுக்கக் கூட்டிக் கேட்டாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மூச்சு. இவளுடையது அல்ல. உள்ளே இழுத்த மூச்சு, அரை நிமிடம் முடியும்வரை வெளியே வரவே இல்லை. அடுத்ததில், விழுங்கிய இருமல். இன்னொன்றில், தட்டில் ஒருமுறை இடித்து அப்படியே நின்றுவிட்ட கரண்டி. மகளுக்கு எட்டு வயதிருந்தபோது எடுத்த பதிவிலும் “அறை” என்ற தன் குரலுக்குப் பின்னால் ஒரு குட்டி மூச்சு அடங்கியது. தெருவுக்கெல்லாம் காது கொடுத்தவள் வீட்டுக்குக் கொடுக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் இரைகிற லேப்டாப்பையே வாங்கினாள். மிச்சத்துக்கு, சட்டையில் குத்திக்கொள்ளும் மைக்கோடு ஒரு சின்ன ரெக்கார்டர். “வாய்க்குக் கிட்ட வச்சா மத்த சத்தம் குறையும் அக்கா. முழுசா போகாது” என்றான் பையன். போகவேண்டாம் என்றாள்.

அன்று மாலை லேப்டாப் இரைந்தது, மகளின் கீபோர்டு படபடத்தது. புத்தகத்தைப் பிரித்தவள் பழக்கதோஷத்தில் “அறை” என்றுவிட்டாள். மகளின் விரல்கள் அப்படியே நின்றன. தோள் உயர்ந்து, உயர்ந்தபடியே இருந்தது. இத்தனை வருடம் மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்த அம்மா இன்றுதான் திரும்பிப் பார்த்தாள். பதிவை நிறுத்தினாள்.

“மூச்சு விடுடி.”

“என்னம்மா?”

“மூச்சு விடு. பழைய பதிவெல்லாம் கேட்டேன். சின்னப் புள்ளையில இருந்து அடக்கிட்டே இருந்திருக்க.” மேசைமேல் இருந்த விடுதி விண்ணப்பத்தைக் காட்டினாள். “ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். உனக்குப் போகணும்னா போ. எனக்காகப் போகாத.”

மகள் எழுந்தாள். விண்ணப்பத்தை எடுத்து, கையெழுத்தைப் பார்த்தாள். நாலாக மடித்தாள். லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தூக்கி அடியில் செருகினாள்.

“கீழ காத்து போகணும்மா. இல்லேன்னா சூடாயிடும்.”

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிவப்புப் பொத்தானை மறுபடி அழுத்தினாள். அன்றைய அரை நிமிடத்தில் ஃபேன் இரைந்தது, கீபோர்டு படபடத்தது, நடுவில் மகள் நன்றாக ஒருமுறை இருமினாள்.