நடுக்கல் அந்தோணிமுத்து

எனக்குப் பேய், ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. பேய்களுக்கும் என்மேல் பெரிய மரியாதை இருந்திருக்காது. சிரிக்காமல் கேளுங்கள்.

நான் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிற ஆள். போன ஐப்பசியில் சேலம் பக்கம் ஒரு பழைய மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டதால் புதிதாக ஓர் எழுத்துகூட எழுதக் கூடாதாம்; ஏற்கெனவே செதுக்கியிருக்கும் பள்ளத்தில் மட்டும் கறுப்பு பெயிண்ட் பூசலாம். கல்லறைத் திருநாளுக்குள் முடிக்க வேண்டும்.

கடைசி வரிசையில் மூன்று கற்கள், எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தன. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சவரியப்பன் காட்டினார்.

"இதுல ஒண்ணு எங்க கொள்ளுத்தாத்தாவுதுங்க. எதுன்னு தெரியாமயே எங்கப்பனும் போய்ச் சேந்துட்டாரு. வருசா வருசம் மூணுக்கும் மெழுகுத்திரி ஏத்தறேன். ஏதாச்சும் எழுத்துத் தெரியுதான்னு பாருங்க சாமி."

பெயர் என்ன என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கப் போய்விட்டார்.

நல்ல உச்சிவெயில். நடுக்கல்லை ஈரத்துணியால் துடைத்தேன். நம்பினால் நம்புங்கள், பள்ளம் பள்ளமாக எழுத்து வந்தது. பிரஷ் தானாக உள்ளே இறங்க, நானும் பூசிக்கொண்டே போனேன்: அந்தோணிமுத்து.

திரும்பி வந்த சவரியப்பன் மண்டிபோட்டுவிட்டார். "எங்க கொள்ளுத்தாத்தாங்க!" அழுதபடியே காய்ந்த எழுத்தைத் தடவியவர் நிமிர்ந்தார். "ஏனுங்க, கல்லு வழுவழுன்னுதான இருக்குது? உங்களுக்குப் பேரு ஆரு சொன்னாங்க?"

பிரஷைப் போட்டுவிட்டு ஓடினேன். என் தொப்பையோடு போய் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கல்லறையில் இடித்து, அவரிடம் "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி, முருகனையும் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், அங்கே நின்ற ஆடு பயந்துபோய் வழிவிட்டது.

செதுக்காத எழுத்தை அழிக்கச் சொல்வார்களோ என்று சவரியப்பனுக்குத்தான் பதற்றம். பாதர் என்னை வாசலிலிருந்து கூட்டிவந்து, கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.

திருநாளன்று நானும் போனேன். சவரியப்பன் முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும் மூன்று மெழுகுத்திரி. "மத்த ரெண்டு பேரும் பழகிட்டாங்களேங்க, உட முடியுமா?"

எல்லாம் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று மட்டும். அவர் விரல் அந்தப் பெயர்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. என் விரல் வைத்தால், நகம் மறைய உள்ளே இறங்குகிறது. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். நாலாவது தடவைக்குத் தைரியம் வரவில்லை.