உப்புச் சாடி மூடியில் இருந்த பெயர்

அந்த வெண்கலத் தட்டைக் கெடுத்தவன் நான்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். பாதரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மன்னித்துவிட்டார். ஆனாலும் படித்தவன் என்று இந்தத் தீவில் பெயரெடுத்த ஒருவன் எவ்வளவு மூடனாக இருக்கலாம் என்பது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

என் மனைவியின் தங்கை தாழ்வுபாடு என்ற கிராமத்தில் இருக்கிறாள். மனைவி காலமானபிறகு எனக்கு மத்தியானச் சாப்பாடு மச்சாள் வீட்டில்தான். அவளுடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், உப்புச் சாடிக்கு மூடியாக ஒரு வட்டத் தட்டு கிடந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. உப்புப் பட்டுப் பட்டுப் பச்சை படர்ந்திருந்தது.

ஒருநாள் அவள் அதைக் கழுவாமலே என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அத்தான், இதிலை இங்கிலீசிலை ஒரு பெயர் இருக்காம். வாசிச்சுச் சொல்லுங்கோ."

அவளுடைய அப்பப்பாவின் தமையன் முதலாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரனின் கப்பலில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அவருக்காக அனுப்பப்பட்டதுதான் அந்தத் தட்டு என்று அவளுடைய தாய் சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லாரும் அவரைக் 'கப்பல்காரர்' என்றே சொல்லிவந்ததில் உண்மைப் பெயர் மறந்துபோயிற்று. கார்த்திகை மாதம் கோயிலில் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். கப்பல்காரருக்கு அதில் இடமில்லை. 'மற்றும் சகல ஆத்துமாக்கள்' என்ற கூட்டத்துக்குள் அவரும் நெருக்குப்பட்டுக்கொண்டு நிற்பதாக மச்சாளுக்கு ஒரு கவலை.

அன்றைக்கு என்னோடு படிப்பித்த பழைய நண்பர் ஒருவரும் வந்திருந்தார். பெருநிலப்பக்கத்தில் வயல் செய்கிற சைவக்காரர். தட்டைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

"ஐசே, இது அம்மனெல்லோ! கையிலை சூலம், பக்கத்திலை சிங்கம்!"

"உங்கட அம்மன் எங்கட உப்புச் சாடியிலை என்ன செய்யிறா?" என்றாள் மச்சாள். "வடிவாப் பாருங்கோ, ரெண்டு ஓங்கில் மீனும் நீந்துது. அம்மனுக்கு ஆர் ஓங்கில் வைக்கிறது?"

"அப்ப மாதாவோ?"

"மாதா சூலம் பிடிக்கமாட்டா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு அந்தச் சொல் வாயில் வராது. இது அரிப்புக் கடலில் முத்துக்குளித்த காலத்துப் பதக்கம், தோணித் தலைவர்களுக்குக் கொடுத்தது, இந்தப் பெண் கடலின் காவல் தெய்வம் என்று சோறு ஆறும்வரை விளக்கினேன். அத்தனையும் அந்த நிமிடம் என் தலையில் பிறந்தவை.

தட்டைப் படம் பிடித்து கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பொருளுக்கு மரியாதை செய்வதென்றால் அதை மினுக்குவது. பெருநாள் வந்தால் கோயில் விளக்குத்தண்டுகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, முகம் தெரியவைப்போம். அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். எனவே தட்டையும் தேய்த்தேன். பச்சை அசையவில்லை. வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கிறைண்டரில் கம்பிப் புருசைப் பூட்டிக்கொண்டு, "மாஸ்டர், எழுத்து இருக்குப் போல. தேய்க்கவோ?" என்று கேட்டார்.

"எழுத்து தெரியத்தானே தேய்க்கிறது," என்றேன்.

தட்டு தங்கம்போல மினுங்கியது. சிங்கத்துக்கு முகம் இல்லை. பெண்ணுக்கு மூக்கு இல்லை. பெயர் இருந்த சின்னக் கட்டம் கண்ணாடிபோல வழுவழுத்தது.

பின்னேரம் மகள் தொலைபேசியில் வந்தாள். "அப்பா, அது யுத்தத்திலை செத்த ஆக்களின்ர குடும்பத்துக்கு அனுப்பின நினைவுத் தட்டு. அந்தப் பொம்பிளை பிரித்தானியா, வெள்ளைக்காரன்ர நாட்டைப் பெண்ணாக் கீறினது. பெயர் அதிலைதான் இருக்கும். ஒண்டும் செய்துபோடாதேங்கோ. தேய்க்கவே கூடாது."

தட்டு என் மடியில் மினுங்கிக்கொண்டிருந்தது. "சரி பிள்ளை," என்றேன்.

"படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தா, பச்சைக்குள்ளாலை பெயரின்ர கடைசி நாலு எழுத்துத்தான் தெரியுது. மிச்சத்தை உங்கட பெருவிரல் மறைச்சிட்டுது."

மறுநாள் மச்சாள் மினுக்கத்தைக் கண்டு கைதட்டினாள். "பெயர் என்ன அத்தான்?" என்று கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு ஆவல். இந்தக் கரையில் வீட்டுக்கொருவருக்கு இருக்கும் ஒரு புனிதரின் பெயரைச் சொன்னேன். அவள் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு அழுதாள்.

கார்த்திகையில் அந்தப் பெயர் கோயிலில் வாசிக்கப்பட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து அவள் திரும்பி, நன்றியோடு என்னைப் பார்த்தாள். பூசை முடியும்வரை நான் தலை நிமிரவில்லை.

அடுத்த நாளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முன்னாலிருந்த மீன்குழம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். சில கிழமைகள் கடைச் சாப்பாடுதான். பிறகு அவளே ஆளனுப்பினாள். மகளும் தொலைபேசியில் இருந்தாள். மகள் சொன்னபடி தட்டின்மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் மச்சாள் மெதுவாக உரசினாள். நான் பக்கவாட்டில் ரோர்ச் லைற் பிடித்தேன். தட்டைத் தொடும் உரிமை எனக்கு இல்லை. முதல் எழுத்து மட்டும் சாம்பல் நிறத்தில் எழும்பி வந்தது. அதையும் படத்தில் தெரிந்த நாலு எழுத்துகளையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் கரையில் வழங்கும் இரண்டு பெயர்கள் பொருந்தின. இரண்டில் எது என்று கடைசிவரை தெரியவில்லை.

தட்டு இப்போது உலர்ந்த பருத்தித் துணியில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, அலுமாரியில் இருக்கிறது. நான் பார்க்கக் கேட்டால், "முதல்லை கையைப் பின்னுக்குக் கட்டுங்கோ," என்கிறாள்.

இந்தக் கார்த்திகைக்கு மூன்று பெயர் கொடுக்கப்போவதாகச் சொன்னாள்.

"ரெண்டு சரி. மூண்டாவது என்ன?"

"நீங்கள் போன வருசம் சொன்னது."

"அப்பிடி ஒரு ஆளே இல்லை மச்சாள். நான் புழுகினது."

"இந்தக் கரையிலை அந்தப் பெயரிலை கடலோடை போன ஆள் ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அந்தப் பெயரில் கடலோடு போனவர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"ஒருக்கால் பூசைக்குக் கூப்பிட்ட ஆத்துமாவை இந்த வருசம் வாசல்லை விடுறதோ? அவருக்கு நீங்கள்தான் முழந்தாளிலை நிக்கவேணும்."

மூன்று பெயர்களும் வாசிக்கப்பட்டன. மூன்றாவதற்கு நான் முழந்தாளில் நின்றேன். எழும்பும்போது மச்சாள்தான் வந்து கை கொடுத்தாள்.