காவடிக்குள் இருந்தது தேனீதான்

சார், நீங்கள் பொய் சொல்கிறீர்கள். பிரிக்பீல்ட்ஸில் என் அடுத்த வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியரைத்தான் சொல்கிறேன்.

என் மரக்காவடி வருடம் முழுவதும் வாசல் உத்தரத்தில்தான் தொங்கும். போன தைப்பூசத்துக்கு விரதமிருந்து அதை இறக்கப் போனேன். கீழே மரத்தூள். தண்டில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. கறுப்பாக, கொழுத்த பூச்சி ஒன்று அதற்குள் நுழைந்தது. விரதத்தில் கொல்ல முடியாது. படித்தவராயிற்றே என்று உங்களைக் கூப்பிட்டேன்.

"தேனீயா சார்?"

"எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதான்."

"அப்ப தேனீ இல்ல லா தம்பி. தேனீன்னா ராணி, கூட்டம் எல்லாம் இருக்கணும். இது வெறும் வண்டு, கொட்டாது."

தண்டைத் தட்டினீர்கள். ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா, போயிடுச்சு. தைரியமா தூக்கு."

தூக்கினேன். பத்துமலை அடிவாரத்தில் மேளச் சத்தத்தில் தண்டு அதிர்ந்தது. அந்தப் பூச்சி வெளியே வந்து என் பிடரியில் கொட்டியது. துள்ளினேன். மறுபடியும் கொட்டியது. அலறிச் சுழன்றேன். கூட்டம் "வேல்! வேல்!" என்றது. மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். கூடவே நடந்து வந்த நீங்களோ கைகூப்பி, "சாமி, என் மகளுக்கு எப்ப வரன் அமையும்?" என்று கேட்டீர்கள்.

"அடுத்த மாசம்! மொதல்ல இத எடுங்க சார்!"

என் கெட்ட நேரம், அடுத்த மாதமே அமைந்துவிட்டது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் செராஸிலிருந்துகூட மினிபஸ் ஏறிக் குறி கேட்க வருகிறார்கள். என் மனைவி தேநீர் போட்டே களைத்துவிட்டாள். கொட்டியது தேனீ என்றால் யாரும் நம்புவதில்லை. நேரே உங்களிடம் போகிறார்கள். நீங்களும், "அது தேனீயே இல்ல, வந்தது சாமிதான்" என்கிறீர்கள். வகைப்படுத்தியது தப்பு என்று ஒப்புக்கொள்வதைவிட என்னைச் சாமியாக்குவது உங்களுக்குச் சுலபம்!

நூலகத்தில் படத்தோடு பார்த்தேன். அது தச்சுத் தேனீ. தனியாக மரத்தைக் குடைந்து, மகரந்தத்தை உருட்டி வைத்து முட்டையிடும். தேனீ வகைகளில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவைதான். பெண் கொட்டும். புத்தகத்தை நீட்டினால் நீங்கள் கண்ணாடியைத் தேடுகிறீர்கள்.

இதுவரை சிரித்துக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை ஓர் அம்மா, காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிப்போகாமல் என்னிடம் தூக்கிவந்தார். திட்டி டாக்சியில் ஏற்றி அனுப்பினேன். அடுத்த அம்மா என் பேச்சைக் கேட்பாரா?

வரும் ஞாயிறு கோயில் கூட்டத்தில் மைக்கைப் பிடியுங்கள் சார். எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: என்னைக் கொட்டியது தேனீயா, இல்லையா?