கல்லுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு பாட்டு

எனக்குப் பாட்டு வராது. அம்மாவுக்கு நன்றாக வரும். ராயபுரத்தில் எங்கள் குப்பத்து மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். என் அப்பா, எங்கள் நைனா, கோயில் வாசல் வரைக்கும் வருவார், உள்ளே வரமாட்டார். பூசை முடியும்வரை பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். கடவுளுக்குத் தன்னைத் தெரியும், புதிதாகப் போய்ச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்பார். அம்மாவுக்கு இதில் தீராத மனக்குறை.

உலகச் சண்டை ஓய்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது. ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில் நைனாவும் சித்தப்பாவும் கட்டுமரத்தில் கடலுக்குப் போனார்கள். பொழுது ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மழை எங்களுக்குப் புதிதல்ல. பயமெல்லாம் தெற்கே இருந்த துறைமுகத்துக் கல்சுவரை நினைத்துத்தான். வாடைக்காற்று தள்ளிக்கொண்டு போய் அந்தப் பாறைகளில் மோதிவிட்டால் மரமும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான். முந்தின வருஷம் ஒருவர் அப்படித்தான் போனார்.

அந்த மாதிரி நாளில் பெண்கள் மணலில் நின்று சத்தம் கொடுப்பது வழக்கம். சத்தம் வருகிற பக்கம் மணல், வராத பக்கம் கல். மற்றவர்கள் தகர டின்னைத் தட்டினார்கள். அம்மா பாடினாள். 'காணாத கரையிலும் காத்து நிற்பவரே' என்று தொடங்கும் பாட்டு அது. என்னையும் கூடப் பாடச் சொன்னாள். கரையில் நிற்பது நாம்தானே, அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டேன். பக்கத்தில்தான் நிற்கிறார், நீ பாடு என்றாள். திரும்பிப் பார்த்தேன். நனைந்த நாய் ஒன்றுதான் நின்றது.

நேரம் போகப் போக அம்மாவின் தொண்டை கட்டிக்கொண்டது. அப்படியே மணலில் சரிந்தாள். டின்னைப் போட்டுவிட்டு எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். என்னைப் பாடச் சொல்லிக் கத்தினார்கள். எனக்கோ அடுத்த அடி மறந்துபோயிற்று. மறுபடி டின் சத்தம் எழும்வரை கரை ஊமையாகக் கிடந்தது. நைனாவை நான்தான் கல்லுக்கு அனுப்பிவிட்டேன் என்று நடுங்கிப்போனேன்.

மதியத்துக்கு மேல் மரம் மணலில் ஏறியது. இருவரும் உயிரோடு இருந்தார்கள். நைனா நேராக அம்மாவிடம் வந்தார்.

"உன் பாட்டு கேட்டுச்சு. அத்த புடிச்சிகினுதான் வந்தோம்."

அம்மா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. நடுவில் பாட்டு நின்றதா என்று நைனாவிடம் மெல்லக் கேட்டேன்.

"நிக்கவே இல்ல. கரை ஏறுற வரிக்கும் கேட்டுகினேதான் இருந்துது."

அது எப்படி முடியும்? நிறுத்தியவளே நான்தானே. மறுநாள் வலை உலர்த்திக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு எதையும் மறைத்துப் பேச வராது.

"காத்து உங்க மூஞ்சிலதான அடிச்சிது? பாட்டு எப்டி எங்களாண்ட வரும்? கல்லுல அலை மோதற சத்தந்தான் கேட்டுது. கை ஓடல. அப்போ உங்க நைனா உங்கம்மா பாட்டைப் பாட ஆரம்பிச்சாரு, ஒரு அடி வுடாம, திருப்பித் திருப்பி. அந்தத் தாளத்துக்கு ரெண்டு பேரும் ஒண்ணா துடுப்பு போட்டோம், மரம் வெலகிச்சு."

நைனாவின் பொய்யைப் பிடித்துவிட்ட பெருமையோடு அம்மாவிடம் ஓடினேன். நைனாவுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம், அவரேதான் பாடினாராம் என்று ஒரு மூச்சில் சொன்னேன். அம்மா அரிந்துகொண்டிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"எத்தினி அடி பாடினாராம்?"

எல்லா அடியும், திருப்பித் திருப்பி என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கோள் சொல்லி அவளை நோகடித்துவிட்டோமே என்று எனக்கும் அழுகை வந்தது.

அடுத்த ஞாயிறும் நைனா வாசலோடு நின்றுவிட்டார். அம்மா குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்தப் பாட்டையே எடுத்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. பொய் சொன்ன மனுஷனை ஏன் சும்மா விடுகிறாள் என்று புரியாமல் நானும் எட்டிப் பார்த்தேன். பூவரச மரத்தடியில் நைனாவின் கையில் பீடி அணைந்து கிடந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. யாரோடு பேசுகிறார் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினேன். பக்கத்தில் யாரையும் காணோம்.