போன் வெளுத்துக் காட்டிய புண்

குடல்வால் ஆபரேஷன் முடிந்து மதுரையிலிருந்து மலைமேல் இருக்கிற எங்கள் ஊர் குரங்கணிக்கு வந்த மறுநாளே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். தையலைக் காட்ட நேரில் வர வேண்டாம், வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் என்னை ஏற்றிக்கொண்டு ரோட்டு வளைவு வரை இறங்குவார். அங்கேதான் இரண்டு கோடு எட்டிப்பார்க்கும்.

அன்று பின் சீட்டில் படுத்து, வயிற்றுப் பக்கம் சேலையை விலக்கினேன். அவர் போனைப் பிடித்தார். டாக்டர் அரை நிமிடம் பார்த்திருப்பார். "லேசான சிவப்புதான். ஆறும்போது அப்படித்தான் இருக்கும். அடுத்த வாரம் பார்ப்போம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முந்தைய நாள் வெளிர் சிவப்பாக இருந்த இடம் காலையில் கன்றிப்போயிருந்தது, தொட்டால் சுட்டது. பதினாறு வருடமாகப் போடியில் ஏலக்காய் ரகம் பிரிக்கிறவள் நான். ஒரே குவியலில் ஏழு விதப் பச்சையைப் பிரித்துப் போடுகிற கண் இது. இதற்கா நிறம் தெரியாது?

"இல்ல டாக்டர், நேத்தைக்கு இன்னைக்கு நெறம் மாறியிருக்கு."

"பயப்படாதீங்கம்மா. எனக்கு நல்லாத் தெரியுது."

"எதுத்துப் பேசாத. அவுகளுக்குத் தெரியாததா?" என்று வீட்டுக்காரர் கிசுகிசுத்தார்.

"நீங்க போன ஆட்டாமப் பிடிங்க" என்றேன். வாய்க் கசப்புக்கு மென்றுகொள்ள முந்தியில் முடிந்து வைத்திருந்த ஏலக்காயில் ஒன்றை எடுத்துத் தையலுக்குப் பக்கத்தில் வைத்தேன். "டாக்டர், இந்தக் காய் என்ன நெறம்?"

"ஏலக்காயா? வெளுத்துப்போய் மஞ்சளாத் தெரியுது. எதுக்கும்மா?"

"இது முதல் ரகம், கரும்பச்சை. காய வெளுத்துக் காட்டுற போனு, என் புண்ண மட்டும் உள்ளபடி காட்டுமா?"

அதற்குப் பிறகுதான் டாக்டரிடமிருந்து கேள்வி மேல் கேள்வியாக வந்தது: காய்ச்சல் இருக்கிறதா, குளிர்கிறதா, அழுத்தினால் நீர் கசிகிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். முதலிலேயே இதையெல்லாம் கேட்டிருந்தால் ஏலக்காய்க்கு வேலையே இருந்திருக்காது. "உடனே கிளம்பி வாங்க. ஊரடங்குல வர்றதுக்குப் பாஸ் வாங்க லெட்டர் அனுப்புறேன்" என்றார்.

மதுரையில் தையலைப் பிரித்ததும் சீழ் வழிந்தது. கழுவிக் கட்டுப் போட்டார். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உள்ள பரவியிருக்கும். போன்ல நீங்க சொன்னத நான் சரியாக் கேக்கல. தப்பு என்னோடதும்மா."

அவ்வளவு படித்தவர் இறங்கி வந்து சொல்கிறார். இந்த மாதிரி இடத்தில் 'பரவாயில்ல டாக்டர்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதைச் சொல்லச் சொல்லி வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டினார். வயிறு என்னுடையது, உயிரும் என்னுடையது. எனக்கு அது பரவாயில்லாத காரியமாகப் படவில்லை.

"ஆமா டாக்டர், தப்புத்தான்" என்றேன்.